அவளைக் கேட்டீர்களா?

பலாத்காரத்துக்கு ஆளான ஒரு பெண் கர்ப்பமுற்றிருக்கிறாள் என்று தெரியவந்த நாளிலே, அவளைச் சூழ்ந்து எத்தனை பேர் கூடிவிடுகிறார்கள் என்பதை நமது வாசகர்கள் சற்று எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம். தகப்பன் மானத்தைப் பற்றிப் பேசுகிறான். தாய் ஊர்வாயை மூடும் வழியைத் தேடுகிறாள். கோயில் தலைவர் குலத்தைப் பற்றியும், போலீஸார் சாட்சியத்தைப் பற்றியும், டாக்டர் சட்டத்தைப் பற்றியும், தோட்டத்து நிர்வாகத்தார் தோட்டத்தின் பெயரைப் பற்றியும் பேசுகிறார்கள். எல்லோரிடமும் அவளைப் பற்றி ஓர் அபிப்பிராயம் தயாராக இருக்கிறது. "அம்மா, உனக்கு எங்கே வலிக்கிறது? நீ என்ன செய்ய விரும்புகிறாய்?" என்று கேட்பார் மாத்திரம் அக்கூட்டத்தில் இல்லை.

இது பினாங்குக்கு மட்டும் உரிய குறையென்று நாம் சொல்ல வரவில்லை. ஆயினும் நாம் வாழ்வது இத்தீவிலும், கடலுக்கு அப்பால் பழைய வெல்லெஸ்லி மாகாணமாகிய செபராங் பிறையிலும் ஆதலால், நமது வாசலை முதலில் கூட்டுவதே முறை. ஜார்ஜ் டவுன் அஞ்சடிகளுக்குப் பின்னுள்ள அறைகளிலும், நிபோங் திபால் பக்கத்துத் தோட்ட லயங்களிலும், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைப் பெண்கள் தங்கும் விடுதிகளிலும் இக்கொடுமை நேரக்கூடும். செய்கிறவன் பெரும்பாலும் முன்பின் அறியாத வழிப்போக்கன் அல்லன். சிற்றப்பன், அண்டை வீட்டான், வேலை ஏவுகிறவன் என்று அவளுக்குத் தெரிந்த முகமாகவே இருக்கிறான். அதனால்தான் விஷயம் அமுக்கப்படுகிறது. அமுக்கப்படும் ஒவ்வொரு நாளும் அவள் உடலின் மேல் ஏறுகிறது என்பதை அமுக்குகிறவர்கள் உணர்வதில்லை.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். ஏனெனில் நம்மவரிலே படித்தவர்கள் எனப்படுவோர் இவ்விஷயத்தில் வாய் திறந்தால் முதலில் சொல்லும் பொய் சட்டத்தைப் பற்றியதாகவே இருக்கிறது. "இந்நாட்டில் கருக்கலைப்பு முற்றும் குற்றம், ஆகையால் ஒன்றும் செய்வதற்கில்லை" என்று அவர்கள் கையை விரிக்கிறார்கள். 1860-ஆம் வருஷத்து இந்தியத் தண்டனைச் சட்டத்தை மாதிரியாக வைத்து, நீரிணைக் குடியேற்றங்களுக்கென்று 1871-இல் வெள்ளையர் ஒரு சட்டம் இயற்றினர். கருக்கலைப்பைத் தண்டிக்கும் 312-ஆம் பிரிவு அவ்வழியே நமக்கு வந்து சேர்ந்தது, எண்கூட மாறவில்லை. ஆனால் 1989-ஆம் வருஷத்திலே மலேசியப் பாராளுமன்றம் அப்பிரிவுக்கு ஒரு விதிவிலக்கை விரித்து எழுதியது. கர்ப்பத்தைத் தொடர்வதால் பெண்ணின் உயிருக்கு ஆபத்தோ, அவளது உடலுக்கோ மனத்துக்கோ கேடோ, கலைப்பதால் நேருவதைக் காட்டிலும் அதிகமாக நேருமென்று பதிவு பெற்ற ஒரு டாக்டர் நல்லெண்ணத்துடன் கருதுவாரானால், அவர் அக்கர்ப்பத்தை முடிக்கலாம். இதுதான் சட்டம். பலாத்காரம் என்ற சொல் அதில் இல்லை என்பது உண்மையே. ஆனால் மனத்துக்கு நேரும் கேடு என்ற சொல் இருக்கிறது. பலாத்காரத்தால் உண்டான கர்ப்பத்தைத் தன் விருப்பத்துக்கு மாறாகப் பத்து மாதம் சுமப்பது மனத்துக்குக் கேடு அன்று என்று சொல்லத் துணியும் வைத்தியர் எந்தக் கலாசாலையில் படித்தவரோ, நாம் அறியோம்.

2012-இல் சுகாதார அமைச்சு தன் ஆஸ்பத்திரிகளுக்கென்று இதற்கான வழிகாட்டி நூலையும் வெளியிட்டது. ஆகவே கதவு இருக்கிறது. கதவுக்குத் தாழ்ப்பாள் போடுகிறவர்கள் யார்? 2007-ஆம் வருஷத்தில், பெண்களின் இனப்பெருக்க உரிமைக்காகத் தோன்றிய ராம் என்னும் கூட்டமைப்பு, 120 டாக்டர்களையும் தாதியரையும் விசாரித்துப் பார்த்தது. சில நிலைமைகளில் கருக்கலைப்பு சட்டத்துக்கு உட்பட்டதே என்பதை அவர்களில் பாதியைச் சற்றே கடந்த தொகையினர்தாம் அறிந்திருந்தனர். சட்டம் திருத்தப்பட்டுப் பதினெட்டு வருஷம் கழித்து! தோட்டத்துப் பெண்ணுக்குச் சட்டம் தெரியவில்லை என்று இரங்குகிறோம். டாக்டருக்கே தெரியவில்லை என்றால் எங்கே போய் முட்டிக்கொள்வது?

தெரியாமைக்குத் துணையாகப் பயமும் இருக்கிறது. 2014-ஆம் வருஷத்தில் நமது புக்கிட் மெர்தாஜாமில் நடந்ததை இம்மாநிலத்தார் மறந்திருக்கக் கூடாது. நேபாளத்திலிருந்து தொழிற்சாலை வேலைக்கு வந்த ஓர் இளம் பெண், ஒரு கிளினிக்கில் கருக்கலைப்புச் செய்துகொண்டாள் என்று கைதானாள். கர்ப்பம் சில வாரங்களே ஆனது. குழந்தை உயிரோடு பிறவாதபடி தடுத்தல் என்ற 315-ஆம் பிரிவின் கீழ் அவள்மேல் குற்றம் சாட்டி, ஒரு வருஷச் சிறைத் தண்டனை விதித்தார்கள். பெண் ஒருத்தி தன் கருவைக் கலைத்துக்கொண்டதற்காக இந்நாட்டில் தண்டிக்கப்பட்டது அதுவே முதல் தடவை என்று அக்காலத்தில் பேசப்பட்டது. 2015-ஆம் வருஷத் தொடக்கத்தில் பினாங்கு உயர்நீதிமன்றம் அத்தண்டனையை நீக்கி அவளை விடுவித்தது. அவள் பலாத்காரத்துக்கு ஆளானவள் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அந்தச் செய்தி பரவிய பிறகு எத்தனை டாக்டர்கள் "நமக்கேன் வம்பு" என்று கையைக் கழுவியிருப்பார்கள்? தண்டனை விழுந்த செய்தி தோட்டம் தோறும் பரவும். விடுதலையான செய்தி வக்கீல்களின் அறையோடு நின்றுவிடும்.

பயந்த டாக்டர்களுக்கு ஒரு பழைய வழக்கை நினைவூட்டுகிறோம். 1938-ஆம் வருஷம் லண்டன் நகரத்தில் பதினாலு வயதுச் சிறுமி ஒருத்தியைச் சிப்பாய்கள் சிலர் பலாத்காரம் செய்தனர், அவள் கர்ப்பமுற்றாள். ஓர் ஆஸ்பத்திரியில் அவளை ஏற்க மறுத்த டாக்டர், வயிற்றிலிருப்பது இங்கிலாந்தின் வருங்காலப் பிரதம மந்திரியாகவும் இருக்கலாமே என்று சொன்னதாகப் பதிவாகியிருக்கிறது. பிறவாத பிரதம மந்திரிக்கு இருந்த மரியாதை, கண்முன் அழுதுகொண்டு நின்ற பதினாலு வயதுக்கு இல்லை! அலெக் போர்ன் என்னும் வைத்தியர் செயின்ட் மேரீஸ் ஆஸ்பத்திரியில் ஜூன் மாதம் அவளுக்குச் சிகிச்சை செய்தார். செய்தது மாத்திரமன்றித் தாமே போலீஸாருக்கு அறிவித்து, வழக்குத் தொடருமாறும் சொன்னார். ஜூலை மாதம் நீதிபதி மக்னாட்டன் முன்னிலையில் ஜூரிகள் அவரைக் குற்றமற்றவரென்று விடுவித்தனர். தாயின் உயிரைக் காப்பது என்றால் அவளது உடலும் மனமும் நாசமாகாமல் காப்பதும் அதில் அடங்கும் என்ற கொள்கை அன்று நிலைபெற்றது. நமது 1989-ஆம் வருஷத்துத் திருத்தத்தில் உடல், மனம் என்ற இரு சொற்களும் அருகருகே நிற்பதைக் காணும்போது நமக்கு அந்த வழக்கே நினைவுக்கு வருகிறது. (அதே போர்ன், பிற்காலத்தில் கருக்கலைப்புச் சட்டத்தை விரிவாக்கும் முயற்சியை எதிர்த்தவர்களோடு சேர்ந்துகொண்டார் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். எதிர்ப்பவர் மனத்திலும் அந்தச் சிறுமிக்கு ஓர் இடம் இருந்தது என்பதே நமக்கு இதில் விசேஷமாகத் தோன்றுகிறது.)

இனி, வைத்தியத்துக்கு வருவோம். நமது ஜனங்களுக்குக் கர்ப்பம் தெரிந்த பிறகுதான் ஆஸ்பத்திரி நினைவு வருகிறது. அது மிகவும் பிந்திய நினைவு. பலாத்காரம் நேர்ந்த ஐந்து நாளைக்குள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நன்று, லெவோநொர்ஜெஸ்ட்ரல் என்னும் மருந்து 1.5 மில்லிகிராம் ஒரே தடவையாகக் கொடுத்தால் கர்ப்பம் உண்டாவதையே பெரும்பாலும் தடுக்கலாம். அது கருவைக் கலைக்கும் மருந்து அன்று. கரு உண்டாகாமல் தடுப்பது. எய்ட்ஸ் கிருமி தொற்றாமலிருக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் தின்ன வேண்டும். மஞ்சட்காமாலைக் கிருமிகளில் ஒன்றாகிய ஹெபடைடிஸ் பி-க்குத் தடுப்பூசி இருக்கிறது. மேகநோய்களுக்கு மருந்து இருக்கிறது. இவை அபூர்வ மூலிகைகள் அல்ல. மலைமேலிருந்து கொண்டுவர வேண்டியவையும் அல்ல. வியாழக்கிழமை நேர்ந்த கொடுமையை மறுவாரம் பஞ்சாயத்து வைத்துப் பேசலாம் என்று தள்ளிப்போடுகிற பெரிய மனிதர், இத்தனை கதவுகளையும் தம் கையாலேயே சாத்திவிடுகிறார்.

ஏற்கெனவே கர்ப்பமாயிருக்கையில் பலாத்காரத்துக்கு ஆளாகும் பெண்களைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. "அவள்தான் முன்பே கர்ப்பிணியாயிற்றே, இனி என்ன பயம்" என்று நினைக்கும் மூடர்களும் உண்டு. பயம் இரட்டிப்பு. உதிரப்போக்கு உண்டா, குழந்தையின் இருதயத் துடிப்பு சரியாயிருக்கிறதா, வயிற்றில் அடிபட்டதா என்று உடனே பார்க்க வேண்டும். அவள் இரத்தம் ஆர்.எச். நெகடிவ் வகையாயிருந்து உதிரமும் போயிருந்தால், அதற்குரிய ஊசி போட வேண்டும். போடாவிட்டால் இக்குழந்தைக்கும் பின்வரும் குழந்தைக்கும் கேடு வரலாம். மேகநோய்க்கு வழக்கமாய்க் கொடுக்கும் டாக்சிசைக்லின் கர்ப்பிணிக்கு ஆகாது; வேறு மருந்து தர வேண்டும். எய்ட்ஸ் தடுப்பு மருந்தையோ கர்ப்பிணிக்கும் கொடுக்கலாம். கர்ப்பத்தைக் காரணமாக்கி அதை மறுக்கக் கூடாது. கட்டின புருஷனே பலாத்காரம் செய்தானாகில், அதை அப்பெயரால் அழைக்கவும் நம் சட்டத்துக்கு மனம் வரவில்லை. மனைவியைக் காயப்படுத்தியோ பயமுறுத்தியோ இணங்க வைத்தால் ஐந்து வருஷம் வரை தண்டனை என்று 375-ஏ பிரிவு ஓரமாக நின்று சொல்லுகிறது. சட்டம் என்ன பெயரிட்டால் என்ன, அவள் உடலிலுள்ள காயத்துக்கு ஒரே பெயர்தான்.

இந்நாடு ஏலாத நாடு என்று யாரும் சாக்குச் சொல்ல வேண்டாம். தாயிடமிருந்து குழந்தைக்கு எய்ட்ஸ் கிருமியும் மேகப்புண்ணும் தொற்றுவதை ஒழித்த நாடு என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2018-இல் மலேசியாவுக்கு நற்சான்று கொடுத்தது. கர்ப்பிணிகளைத் தேடிப்பிடித்துப் பரிசோதிக்கும் கிராமத் தாதியர் கூட்டத்தால் வந்த புகழ் அது. அப்படிப்பட்ட கைகளுக்கு, பலாத்காரத்துக்கு ஆளான கர்ப்பிணியை மாத்திரம் தொடத் தெரியாதா?

தெரியும் என்பதற்கு அத்தாட்சியும் உண்டு. 1990-களில் பெண்கள் இயக்கத்தார் விடாமல் முயன்றதன் பயனாகக் கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரியில், பலாத்காரத்துக்கும் அடிதடிக்கும் ஆளான பெண்களுக்கென்று ஒரு தனி நிலையம் திறக்கப்பட்டது. அவள் ஓரிடத்தில் இருக்க, டாக்டரும் போலீஸாரும் சமூகநல அதிகாரியும் அவளிடம் வர வேண்டும் என்பதே அதன் ஏற்பாடு. 1996-இல் சுகாதார அமைச்சு ஏனைய அரசாங்க ஆஸ்பத்திரிகளிலும் அதை அமைக்கும்படி சுற்றறிக்கை விடுத்தது. நமது பினாங்குப் பெரிய ஆஸ்பத்திரியிலும் அவ்வசதி உண்டு. 1980-களிலே இத்தீவில் தோன்றிப் பெண்கள் நெருக்கடி மையமென்று வழங்கி, இப்போது மாற்றத்துக்கான பெண்கள் மையமென்று பெயர் கொண்டிருக்கும் சங்கத்தார், கோர்ட்டுப் படி ஏறும் பெண்களோடு கூடவே நடக்கிறார்கள். ஆகையால் குறை ஏற்பாட்டில் இல்லை. நடு இரவில் அவசரப் பிரிவு மேஜையில் உட்கார்ந்திருப்பவர், "போலீஸ் ரிப்போர்ட் எங்கே?" என்று கேட்கும் முதற் கேள்வியில் இருக்கிறது குறை. கால் முறிந்து வந்தவனிடம், தள்ளியவன் யார் என்று நிரூபித்தால்தான் கட்டுப் போடுவோம் என்பாருண்டா? சாட்சியம் எடுக்க வேண்டியதுதான். காலதாமதமின்றி எடுக்க வேண்டியதுதான். பதினெட்டு வயதுக்குட்பட்ட சிறுமியானால் அறிவிக்க வேண்டியது டாக்டரின் கடமை என்று 2001-ஆம் வருஷத்துச் சிறார் சட்டம் சொல்லுகிறது. அறிவிப்பது ஒரு வேலை. வைத்தியம் மற்றொரு வேலை. ஒன்றை மற்றொன்றுக்கு விலையாகக் கேட்பதைத்தான் கண்டிக்கிறோம்.

"இப்படி விட்டுவிட்டால் எவளும் வந்து பலாத்காரம் என்று பொய் சொல்லிக் கலைத்துக்கொண்டு போவாளே, கோர்ட்டு தீர்ப்புச் சொல்லட்டும், பிறகு பார்ப்போம்" என்கிறார்கள் சில கனவான்கள். நாம் கிராணி உத்தியோகம் பார்ப்பவர். கணக்கு நமக்குப் பழக்கம். கர்ப்பத்துக்கு ஆயுள் 40 வாரம். கோர்ட்டு வழக்குக்கு ஆயுள் எத்தனை வருஷம் என்பது கனவான்களுக்கே தெரியும். தீர்ப்பு வரும்போது அக்குழந்தை பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கும். "தீர்ப்பு வரட்டும்" என்பதற்கு "முடியாது" என்பதே பொருள். மரியாதையாகச் சொல்லப்படும் முடியாது.

சட்டமே பெயர் சொல்லி இடம் கொடுத்திருக்கும் நாட்டில் எப்படி நடக்கிறது என்று பார்ப்போர், இந்தியாவைப் பார்க்கலாம். அங்கே 1971-ஆம் வருஷத்துச் சட்டம், பலாத்காரத்தால் வந்த கர்ப்பம் பெண்ணின் மனத்துக்குப் பெருங்கேடு என்றே கொள்ள வேண்டுமென்று எழுதிவைத்தது. 2021-இல் அத்தகைய பெண்களுக்கு 24 வாரம் வரை தவணை நீட்டப்பட்டது. எழுத்தில் குறையில்லை. ஆயினும் சண்டிகர் நகரத்து வழக்குகள் இரண்டைக் கேளுங்கள்.

2017-இல் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி வயிற்றுவலி என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரப்பட்டாள். உறவினரே கெடுத்திருந்தனர். கர்ப்பம் ஏழு மாதம் கடந்திருந்தது. வழக்கு உச்சநீதிமன்றம் வரை போயிற்று. கர்ப்பம் 32 வாரமாகிவிட்டது, இனிக் கலைப்பது அவளுக்கே ஆபத்து என்று வைத்தியர் குழு சொல்ல, ஜூலை 28-ஆம் தேதி நீதிமன்றம் அனுமதி மறுத்தது. ஆகஸ்டு மாதம் வயிற்றைக் கீறிக் குழந்தையை எடுத்தார்கள். அவளிடம் சொன்னது என்ன தெரியுமா? வயிற்றில் ஒரு கல் இருக்கிறது, அதை எடுக்கப்போகிறோம் என்று. கல்லென்று சொன்னவர்கள் கருணையினால்தான் சொல்லியிருப்பார்கள். அவர்களை நாம் திட்டவில்லை. ஏழு மாதம் அக்குழந்தையின் வாயிலிருந்து ஒரு சொல் வராமல் போனதே, வந்தால் கேட்க ஒரு காது இல்லாமல் போனதே, அதைக் குறித்தே நாம் நோகிறோம்.

அதே நகரத்தில், சர்க்கார் அநாதை விடுதியிலிருந்த அறிவு வளர்ச்சி சற்றுக் குன்றிய ஒரு யுவதி பலாத்காரத்தால் கர்ப்பமுற்றாள். இவளுக்கு அக்குழந்தையைப் பெற்றுக்கொள்ள ஆசை. அதிகாரிகளோ கலைக்க வேண்டுமென்றனர். உயர்நீதிமன்றமும் அப்படியே உத்தரவிட்டது. 2009-இல் உச்சநீதிமன்றம் அவ்வுத்தரவை நீக்கி, அவள் சம்மதமின்றிக் கலைக்கக் கூடாதென்றும், பெறுவதும் பெறாதிருப்பதும் ஒரு பெண்ணின் சொந்த சுதந்திரத்தில் அடங்கியதென்றும் தீர்ப்பளித்தது. முதல் வழக்கில் சிறுமியின் சொல்லுக்கு வழியே பிறக்கவில்லை. இரண்டாவதில் "பெறுவேன்" என்றவளைப் பெறாதே என்று தடுக்கப் பார்த்தார்கள்.

"அந்தச் சிசு என்ன பாவம் செய்தது?" என்று கண்ணீர் வடிக்கும் அன்பர்களுக்கு இரண்டாவது வழக்கே நமது பதில். கலைத்தே தீர வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. பெறுவேன் என்பவளுக்கு அவள் பக்கம் நிற்கிறோம். மாட்டேன் என்பவளுக்கும் அவள் பக்கமே நிற்கிறோம். சிசுவுக்காக அழும் அன்பர்கள், பிறந்த பிறகு அதை என்ன செய்கிறார்கள் என்று பார்த்தால் கண்ணீரின் தரம் தெரிந்துவிடும். "தகப்பன் பேர் என்ன?" என்று பள்ளிக்கூடத்து வாசலில் முதலில் கேட்பவர்களும் அவர்களே. 1957-ஆம் வருஷத்துப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டமோ, விவாகத்துக்கு வெளியே பிறந்த குழந்தைக்குத் தகப்பன் பெயரைத் தாய் சொல்லித்தான் ஆக வேண்டுமென்று கட்டாயப்படுத்தவில்லை. வெள்ளைக்காரன் காலத்துப் பதிவேட்டுக்கு இருக்கும் பண்பு நம் சபைகளுக்கு இல்லை.

பெற்றுக்கொள்ளுகிற பெண்ணுக்கும் வைத்தியம் வேறு விதமாக இருக்க வேண்டும். மாதாந்தரப் பரிசோதனைக்கு வரும்போது, கதவைச் சாத்தி, படுக்கச் சொல்லி, கேளாமல் தொட்டால் அவளுக்கு எந்த இரவு நினைவுக்கு வரும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. தொடுமுன் சொல்ல வேண்டும். சொல்லி, அவள் தலையசைத்த பின்பே தொட வேண்டும். "நிறுத்து" என்றால் நிறுத்த வேண்டும். பெண் டாக்டர் வேண்டுமென்றால், கூடுமான இடத்தில் கொடுக்க வேண்டும். அவள் நம்பும் ஒருத்தி பிரசவ அறையில் கூட இருக்க வேண்டும். பத்துத் தாதியர் கூடிநின்று, "இவள்தானே அவள்" என்று காதோடு காது பேசக் கூடாது. இதற்குப் பணம் ஒரு காசும் வேண்டாம். பயிலும் டாக்டருக்கும் தாதிக்கும் சொல்லிக்கொடுக்க அரைநாள் வேண்டும். மனச்சாட்சி இடங்கொடுக்கவில்லை என்று சொல்லும் டாக்டருக்கும் இது பொருந்தும். தம் கையை அவர் விலக்கிக்கொள்ளட்டும். ஆனால் அன்றைக்கே மற்றொரு டாக்டரிடம் அனுப்பிவைக்க வேண்டும். அவளை வாரக்கணக்கில் அலைய விட்டுத் தவணை கடக்கச் செய்வதை மனச்சாட்சி என்று எந்த மதமும் ஒப்புக்கொள்ளாது.

தோட்டத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். கிராணி நாற்காலியிலிருந்து பார்க்கும் நமக்கு ஆஸ்பத்திரியைவிட விடுமுறைப் புத்தகமே அதிகம் தெரியும். அதில் காரணம் எழுத ஒரு கட்டம் இருக்கிறது. பலாத்காரத்துக்கு ஆளான பெண் எந்தக் காரணத்தைச் சொல்லி லீவு கேட்பாள்? காய்ச்சல் என்பாள். ஒரு நாள் காய்ச்சலுக்கு ஒரு நாள் லீவு. தீபகற்ப மலேசியாவில் 2023 ஜனவரி 1 முதல் பிரசவ லீவு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. விவாகமானவளா என்று சட்டம் கேட்கவில்லை. கர்ப்பிணி என்பதற்காக வேலையை விட்டு நீக்கக் கூடாதென்றும் அப்போது எழுதப்பட்டது. இவை நல்ல காரியங்கள். ஆனால் 22 வாரத்துக்கு முன் கர்ப்பம் முடிந்தவளுக்குப் பிரசவ லீவு கிடையாது. சாதாரண நோய் லீவுதான், அதற்கும் டாக்டர் சீட்டு வேண்டும். அச்சீட்டு நிர்வாகத்தார் மேஜைக்கு வருமுன் எத்தனை கண்களில் படும் என்பது நம்மைப் போன்றவர்களுக்குத் தெரியும். சீட்டில் நோயின் பெயர் எழுதாமலிருக்கவும், எழுதியிருந்தாலும் படித்தவன் வாயை மூடிக்கொண்டிருக்கவும் நாம் ஏன் ஒரு கட்டுப்பாடு செய்துகொள்ளக் கூடாது? ஆபீஸ் நாற்காலியில் இருப்பவர்களின் நாக்கினால் குடி கெட்ட பெண்கள் உண்டு என்பதை உத்தியோகத் தோழர்கள் மறுக்க மாட்டார்கள்.

இப்போது செம்பனைத் தோட்டங்களிலும் தொழிற்சாலைகளிலும் நம் முன்னோர் நின்ற இடத்தில் நிற்பவர்கள் நேபாளத்தாரும் வங்காளத்தாரும் இந்தோனேசியரும். அயல்நாட்டுத் தொழிலாளிப் பெண்ணுக்குக் கட்டாய வைத்திய பரிசோதனையில் கர்ப்பம் தெரிந்தால், தகுதியற்றவள் என்று எழுதித் திருப்பி அனுப்பும் ஏற்பாடு இருக்கிறது. அவள் பலாத்காரத்தால் கர்ப்பமுற்றிருந்தால்? குற்றம் செய்தவன் வேலையில் இருக்க, குற்றத்துக்கு ஆளானவள் விமானம் ஏற வேண்டும். வழக்குக்குச் சாட்சியும் அவளோடு போய்விடும். அவள் நம் ஜாதியில்லை, நம் பாஷையில்லை என்று சும்மா இருக்கத் தமிழர்களுக்கு உரிமையில்லை. பிஜித் தீவின் கரும்புத் தோட்டத்தில் நம் பெண்கள் பட்ட பாட்டை எண்ணிப் பாரதியார் பாடினதைப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். கங்காணிகளின் கீழும் துரைகளின் கீழும் இவ்வெல்லெஸ்லி மாகாணத்தில் நடந்ததற்குப் பாட்டுக்கூட இல்லை. அதே லயத்தில் இப்போது வேறொரு பெண் படுத்திருக்கிறாள், அவ்வளவே.

இலங்கை மலையகத்திலுள்ள நம் சகோதரிகளின் நிலை இன்னும் கொடிது. 1883-ஆம் வருஷத்துத் தண்டனைச் சட்டத்தின்படி தாயின் உயிர் போகும் ஆபத்து ஒன்றைத் தவிர வேறெதற்கும் அங்கே இடமில்லை. பலாத்காரத்துக்கு விலக்குத் தேடி 1995-இலும் 2017-இலும் செய்த முயற்சிகள் எதிர்ப்பின்முன் நின்றுபோயின. நம்மோடு ஒரே நீரிணைக் குடியேற்றத்தில் இருந்த சிங்கப்பூரோ 1974 முதல் 24 வாரம் வரை பெண்ணின் விருப்பத்துக்கே விட்டிருக்கிறது. நாம் இரண்டுக்கும் நடுவிலே, நல்ல சட்டத்தை வைத்துக்கொண்டு கெட்ட வழக்கத்தில் வாழ்கிறோம்.

1929-ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில் பெரியார் பினாங்குத் துறையில் வந்து இறங்கினபோது திரண்டு வரவேற்றவர்கள் தமிழர்கள். கர்ப்பத்தடையைப் பற்றி அக்காலத்தில் மற்றவர்கள் பெண்ணின் தேக சுகத்துக்காகவும் குடும்பச் சொத்துக்காகவும் பேசினார்கள். அவர் ஒருவரே பெண்ணின் விடுதலைக்காகப் பேசினார். அவர் படத்துக்கு மாலை போடும் சங்கங்கள் இன்றும் இந்நகரில் இருக்கின்றன. அச்சங்கத்துத் தலைவர்களை ஒன்று கேட்கிறோம். உங்கள் லயத்தில், உங்கள் தெருவில், கெடுத்தவனுக்கே அவளைக் கட்டிவைத்து விஷயத்தை முடித்த பஞ்சாயத்தில் உங்களில் எவரும் உட்கார்ந்ததில்லையா? சுயமரியாதை மேடையில் ஒரு வாயும், பஞ்சாயத்துத் திண்ணையில் வேறு வாயுமாக எத்தனை நாளைக்கு?

சர்க்காரைக் கேட்க வேண்டியதைக் கேட்போம். 312-ஆம் பிரிவின் விதிவிலக்கில் பலாத்காரம் என்ற சொல்லையும் சேர்த்து எழுதுங்கள் என்று கேட்போம். டாக்டரின் பயத்துக்கு அதைவிட நல்ல மருந்தில்லை. பெரிய ஆஸ்பத்திரியின் அந்நிலையத்தில் எந்நேரமும் தமிழ் பேசும் ஒருத்தி இருக்க வேண்டுமென்று கேட்போம். அதுவரையில் நாமே செய்யக்கூடிய ஒன்று உண்டு. தமிழில் ஒரு தாள் அச்சிடுவது: கொடுமை நேர்ந்தால் குளிக்குமுன்னும் துணி துவைக்குமுன்னும் ஆஸ்பத்திரிக்குப் போ, மூன்று நாளைக்குள் இந்த மருந்து, ஐந்து நாளைக்குள் அந்த மருந்து, நாள் கடந்திருந்தாலும் போ, கர்ப்பமானாலும் முடிவு உன்னுடையது, 1989 முதல் சட்டம் டாக்டருக்கு இடங்கொடுத்திருக்கிறது, கீழே 15999 என்ற சர்க்கார் உதவித் தொலைபேசி எண். வங்காளத்திலும் நேபாளத்திலும் அதையே எழுதித்தர அத்தோட்டத்துத் தொழிலாளரிலேயே ஆள் கிடைப்பார்கள். இதைக் கோயில் மண்டபத்திலும், ஆயாக் கொட்டகையிலும், பெரட்டுக் களத்திலும், பெண்கள் குளிக்கும் குழாயடியிலும் ஒட்டலாம். குழாயடிக்கு எந்தத் துரையின் உத்தரவும் வேண்டியதில்லை.